பல்லில் கடித்த பறி

சென்னை
4 பிப்ரவரி 2024

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதுவதற்கே முதலில் மன்னித்துவிடு. போனை நீ எடுக்க மாட்டாய் என்று தெரியும். பொங்கலிலிருந்து அடித்து அடித்துப் பார்த்துவிட்டேன். கடிதம் என்றால் கிழித்தாவது போடுவாய். கிழிப்பதற்கு முன் இரண்டு வரியாவது கண்ணில் படும்.

பெரியம்மா வீட்டு வளைகாப்பில் நான் செய்தது தப்பு. தப்பு என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால் அதில் எது தப்பு என்றுதான் இன்னும் குழப்பமாக இருக்கிறது. நீ எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தாய். சிரிப்பு அடங்குவதற்குள் உன் பச்சைப் பட்டுப் புடவை பின்பக்கம் கையகலத்துக்கு நனைந்தது. நான் மட்டும்தான் பார்த்தேன். துண்டை எடுத்துவந்து உன் பின்னால் நின்றேன். அதோடு விட்டிருக்கலாம். "அக்கா, புடவை நனைஞ்சிருக்கு. குழந்தை பெத்தவங்களுக்கு வர்றதுதான், இதுக்கு எக்ஸர்சைஸ் கீது" என்று உன் காதில் சொன்னேன். ஸ்பீக்கரில் பாட்டு அலறிக்கொண்டிருந்த தைரியத்தில் சொன்னேன். அந்த நேரம் பார்த்துப் பாட்டு நின்றது. காலேஜில் நாலரை வருஷம் கை தூக்கி ஒரு கேள்வி கேட்காதவள் நான். பந்தல் முழுக்கக் கேட்கும்படி பேசியது அந்த ஒரு தடவைதான்.

நேற்று மாமாவிடம் பேசினேன். அவர் உனக்குத் தெரியாமல் பேசினார், அவரைத் திட்டாதே. "உங்க அக்காவுக்குக் கர்ப்பப்பையவே எடுத்துடணும்னு டவுன் டாக்டர் சொல்லிக்கீறார். பசங்களுக்கு லீவு உட்டதும் மே ஆறாந்தேதி. எங்க அம்மா பசங்களப் பாத்துக்கும்" என்றார். ஏதோ போட்டுக்குப் பெயின்ட் அடிக்க நாள் குறித்த மாதிரி சொன்னார். உனக்கு முப்பத்துமூன்று வயது அக்கா.

நான் வேலை செய்கிற பிசியோதெரபி பிரிவில் இதற்காகவே பெண்கள் வருகிறார்கள். சிரித்தால், இருமினால், குடம் தூக்கினால் நனைந்துவிடுகிறவர்கள். கீழே ஏதோ இறங்கிவிட்டது மாதிரி இருக்கிறது என்பவர்கள். எல்லோருக்கும் ஆபரேஷன் செய்வதில்லை. முன்னால் ஓர் எலும்பு, பின்னால் ஓர் எலும்பு, நடுவில் தூளி கட்டியது மாதிரி ஒரு தசை இருக்கிறது. கர்ப்பப்பை, மூத்திரப்பை எல்லாம் அந்தத் தூளியின் மேல்தான் இருக்கின்றன. குழந்தை பிறக்கும்போது தூளி தளர்ந்துபோகிறது. பயிற்சி செய்தால் திரும்ப இறுகும். என் நோட்டில் அதற்கு இடுப்புத்தளத் தசை என்று எழுதியிருக்கிறேன். நம் ஊரில் அதை என்னவென்று சொல்வார்கள் என்று யோசித்தேன். பெயரே இல்லை. படம் வரைந்து வைத்திருக்கிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். ஒன்றுக்குப் போகும்போது பாதியில் நிறுத்துவாயே, அது மாதிரி அந்த இடத்தை நன்றாக இறுக்கி அடக்கு. பத்து எண்ணு. விடு. இப்படிப் பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஆனால் உண்மையிலேயே ஒன்றுக்குப் போகும்போது செய்யாதே. பன்னிரண்டு வாரம் ஆகும். நாளையிலிருந்து தொடங்கினால் மே ஆறுக்குள் முடிந்துவிடும்.

தபால் தலை ஒட்டி, என் விலாசம் எழுதிய கவர்கள் நாலு வைத்திருக்கிறேன். கோபமாக எழுதினாலும் பரவாயில்லை.

அர்ச்சனா


சுண்ணாம்புக்குளம்
13 பிப்ரவரி 2024

அர்ச்சனாவுக்கு,

உன் நண்டுப் படம் கிடைத்தது. நான் ஏரியில் இறால் பிடித்துவிட்டு வருவதற்குள் அத்தை கவரைப் பிரித்துவிட்டது. "இன்னாடி இது, உன் தங்கச்சி டாக்டருக்குப் படிச்சு நண்டு வரையறா?" என்று கேட்டது. ஆமாம், நண்டு ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை என்று சொல்லிவைத்தேன். அத்தைக்கு எழுத்து படிக்கத் தெரியாததால் தப்பித்தேன்.

வளைகாப்புக்குப் பிறகு போட்டில் எனக்கு என்ன பெயர் தெரியுமா? எக்ஸர்சைஸ். "எக்ஸர்சைஸு வந்துட்டா, போட்டை எடு" என்கிறது கூட இறால் பிடிக்க வருகிற பவுனம்மாள். நீ சென்னைக்குப் பஸ் ஏறிப் போய்விட்டாய். நான் தினமும் அந்த ஆறு பேரோடு ஒரே போட்டில் ஏற வேண்டும்.

எது தப்பு என்று தெரியவில்லையாம். நீ பார்த்தாயே, அதுதான் தப்பு. பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்க வேண்டியதை நீ பார்த்தாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தக் கண்.

ஆபரேஷன் செய்தால் தீர்ந்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "மூணு புள்ள பெத்தவளுக்கு அது இனிமே இன்னாத்துக்கு" என்கிறது அத்தை. உங்க மாமாவும் சரி என்று சொல்லிவிட்டார். இதில் உன் படம் எதற்கு?

பத்து எண்ணுவதை வேகமாக எண்ணுவதா, மெதுவாகவா?

ஜமுனா


சென்னை
18 பிப்ரவரி 2024

அக்கா,

மெதுவாக. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நொடி.

உன் கடைசி வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். மேலே திட்டியதெல்லாம் சரிதான், எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன்.

ஆபரேஷன் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. சிலருக்கு அது தேவைப்படும். உனக்குத் தேவையா என்று உன்னைப் பார்க்காமல் சொல்ல முடியாது. பயிற்சி செய்தும் சரியாகவில்லை என்றால் அப்போது எடுக்கலாம். எடுத்துவிட்டால் திரும்ப வைக்க முடியாது, அதைத்தான் சொல்ல வந்தேன். ஆறு மாதமாக இதே வேலையில் இருக்கிறேன், இன்னும் எதையும் உறுதியாகச் சொல்ல வாய் வருவதில்லை. நோயாளிகளிடம் அந்த இடத்தின் பெயரைச் சொல்ல வேண்டிய நேரத்தில் என் குரல் உள்ளே போய்விடுகிறது. ஜாக்குலின் மேடம்தான் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பு. "இப்படி மென்னு முழுங்கினா அந்தம்மா எதை இறுக்குவாங்க, காதையா?" என்று கேட்பார்.

ஒரு நாளைக்கு எத்தனை துணி மாற்றுகிறாய் என்று எழுது. வெட்கப்படாதே என்று எழுதத்தான் நினைத்தேன். நானே வெட்கப்பட்டுக்கொண்டுதான் கேட்கிறேன்.

அர்ச்சனா


சுண்ணாம்புக்குளம்
9 மார்ச் 2024

அர்ச்சனா,

நிறுத்திவிட்டேன்.

நீ வேளைக்குப் பத்து சொன்னாய், சீக்கிரம் சரியாகட்டும் என்று நான் வேளைக்கு முப்பது செய்தேன். காலையில் எழுந்ததும், தண்ணியில், இரவு படுக்கும்போது. நாலு வாரம் முடியப்போகிறது. முன்பு சிரித்தால்தான் வரும். இப்போது நடந்தாலே வருகிறது. சாயங்காலம் ஆனால் கீழே கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கிறது. குளிக்கும்போது கையில் ஏதோ தட்டுப்படுகிறது. முன்னெல்லாம் அது இல்லை. துணி முன்பு மூன்று, இப்போது ஆறு. நீ கேட்டதற்குப் பதில் அது.

இதோடு தலைவலி, தாடை வலி வேறு. சோறு மெல்ல முடியவில்லை.

உங்க மாமாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேராக டாக்டரிடம் போய்த் தேதியை முன்னால் மாற்றி வாங்கிவந்துவிட்டார். ஏப்ரல் எட்டு, திங்கட்கிழமை. "உன் தங்கச்சி லெட்டர்ல வைத்தியம் பாப்பா, நீயும் பாத்துக்கோ" என்று ஒரு வார்த்தை சொன்னார்.

நான் உன்மேல் கோபப்பட வேண்டும் என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். கோபம் வரவில்லை, பயமாக இருக்கிறது. நீ படித்தவள், நீ சொன்னபடிதான் செய்தேன். பின் ஏன் இப்படி ஆனது?

ஜமுனா


சென்னை
14 மார்ச் 2024

அக்கா,

நிறுத்தியது சரி. எதுவும் செய்யாதே. சாயங்காலம் பாரமாக இருந்தால் இடுப்புக்கு அடியில் தலையணை வைத்து, முட்டியை மடக்கி, அரை மணி நேரம் படு. அது போதும்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஜாக்குலின் மேடத்திடம் போனேன். உனக்கு எழுதியதை அதுவரை அவரிடம் சொல்லவே இல்லை. கதவைச் சாத்திவிட்டுத் திட்டினார். "தொட்டுப் பாக்காம, செய்றது சரியானு தெரியாம, தபால்ல எக்ஸர்சைஸ் அனுப்புனியா? உனக்கு யாரு அந்த உரிமை குடுத்தது?" நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காவைப் பார்த்துப் பேச முடியாமல்தான் தபால் போட்டேன் என்று சொல்ல வரவில்லை.

பிறகு தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை பிரசவம், மலச்சிக்கல் உண்டா, இருமல் உண்டா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். "அவங்க இன்னா வேலை செய்றாங்க?" என்றார். ஏரியில் கையால் இறால் பிடிப்பாள் என்றேன். "கையாலன்னா எப்படி? உக்காந்தா, நின்னா, குனிஞ்சா? மூச்சு எப்படி விடுவாங்க?" எனக்குத் தெரியவில்லை அக்கா. ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியவில்லை. ஆறாம் வகுப்பு லீவில் நானும் வருகிறேன் என்று போட்டில் ஏறினேன். நீ துடுப்பை ஓங்கி, கரைவரை துரத்தினாயே, ஞாபகம் இருக்கிறதா? "தண்ணியில கால வெச்சே, ஒடிச்சுடுவேன். போய் புக்கை எடு." அதற்குப் பிறகு நான் தண்ணீர்ப் பக்கம் வரவே இல்லை.

மேடம் உன் கடிதத்தில் ஓர் இடத்தைப் பென்சிலால் வட்டம் போட்டார். தாடை வலி. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதச் சொன்னார்.

அதனால் ஒன்று செய். நான் சொன்னபடி அடக்கிப் பிடித்தபோது உன் உடம்பு என்ன செய்தது என்று தலையிலிருந்து கால்வரை எழுது. தண்ணியில் என்ன செய்வாய் என்பதையும் எழுது. எட்டாம் தேதிக்கு முன்னால் எனக்குக் கிடைக்க வேண்டும்.

அர்ச்சனா


சுண்ணாம்புக்குளம்
22 மார்ச் 2024

அர்ச்சனா,

நீ கேட்டாய் என்று எழுதுகிறேன். உன் மேடத்தைத் தவிர வேறு யாருக்கும் படித்துக் காட்டாதே.

போட் எங்களை ஏரியின் நடுவில் இறக்கிவிடும். தண்ணீர் இடுப்பளவுதான் இருக்கும். ஆனால் நின்றால் கை சேற்றுக்கு எட்டாது. அதனால் உட்கார்ந்துவிடுவோம். கழுத்துவரை தண்ணீர். முட்டியாலேயே நகர வேண்டும். கால் பதிந்த பள்ளங்களில் இறால் ஒதுங்கும், அங்கே இரண்டு கையாலும் தடவிப் பிடிக்க வேண்டும். பிடித்ததைப் போடப் பறி, அதுதான் பனையோலைக் கூடை. இரண்டு கையும் சேற்றில் இருக்கும்போது கூடையை யார் பிடிப்பது? பறியின் வாயைப் பல்லால் கடித்துக்கொள்வோம். அலை தூக்க வந்தால் மூச்சை நிறுத்தி, குதிகாலைச் சேற்றில் ஊன்றி, வயிற்றைக் கீழே அழுத்தி உட்கார வேண்டும். இல்லாவிட்டால் மிதந்துவிடுவோம், பறியில் இருப்பதும் போய்விடும். ஐந்து மணி நேரம் இப்படித்தான். பதினோரு வருஷமாக இப்படித்தான்.

இறுக்கி அடக்கு என்று நீ எழுதினாய். என் உடம்புக்குத் தெரிந்த அடக்கல் இது ஒன்றுதான். பாயில் படுத்துக்கொண்டும் பல்லைக் கடித்தேன், மூச்சை நிறுத்தினேன், கீழே அழுத்தினேன். "இன்னாடி, ராவெல்லாம் பல்லு நறநறனு கேக்குது, யார் மேல கோவம்?" என்று அத்தை கேட்டது. உன் மேல்தான் என்று சொல்லவில்லை.

எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது. தாடை வலிக்காமல் என்ன செய்யும்?

இன்னொன்று. நேற்றுப் போட்டில் சும்மா கேட்பது மாதிரி பவுனம்மாளைக் கேட்டேன்.

"அக்கா, தும்மினா கிம்மினா உனக்கு எப்படி?"

"தும்மினாவா? நெனைச்சாலே வருது. இன்னாத்துக்குக் கேக்குற, எக்ஸர்சைஸு?"

"சும்மாதான்."

"தண்ணியில கீறவளுக்கு இன்னாடி? எல்லாம் ஈரம்தான். எவளுது எதுனு எவ பாக்கப் போறா? கரையேறித் துணி காஞ்சாத்தான் அசிங்கம்."

போட்டே சிரித்தது. சிரித்துவிட்டு ஒருத்தியும் ஒருத்தியைப் பார்க்கவில்லை. ஏழு பேரில் எத்தனை பேருக்கு என்று நான் எண்ணவில்லை. சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது.

அதனால்தான் எனக்குத் தண்ணியில் இருப்பது பிடித்திருந்தது போலிருக்கிறது. அங்கே யாருக்கும் தெரியாது. அந்தப் பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு காய்ந்த இடத்தில் உட்கார்ந்ததுதான் வினை.

தேதி அப்படியேதான் இருக்கிறது.

ஜமுனா


சென்னை
26 மார்ச் 2024

அக்கா,

உன் கடிதத்தை மேடம் நின்றுகொண்டே படித்தார். முடித்ததும், "இதை எந்தப் புஸ்தகத்துலயும் போடல" என்றார். தப்பு உன்னுடையது இல்லை. என்னுடையது. தூளியை மேலே இழுக்கச் சொல்ல வேண்டிய இடத்தில், அதன்மேல் கல்லை வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு மாதம், வேளைக்கு முப்பது தடவை.

மறுபடி செய் என்று என் இஷ்டத்துக்குச் சொல்ல மாட்டேன். இந்தத் தடவை மேடம் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

மல்லாந்து படு. முட்டியை மடக்கு. முதலில் வாயைத் திற. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டவே கூடாது. கஞ்சியை ஊதி ஆற்றுகிற மாதிரி மெல்ல மூச்சை வெளியே விடு. விடும்போதே கீழே இருப்பதை உள்ளே இழு. ஆளைப் பார்த்ததும் நண்டு எப்படி வளைக்குள் இழுத்துக்கொள்ளும்? அந்த மாதிரி. தள்ளுவதே கிடையாது. மூன்று எண்ணினால் போதும். பிறகு முழுக்க விட்டுவிடு, விடுவதும் பயிற்சிதான். ஐந்து தடவை. அதற்கு மேல் செய்தால் உன்னோடு பேச மாட்டேன்.

சரியாகச் செய்கிறாயா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. கையை அங்கே வைத்துப் பார். இழுக்கும்போது கையை நோக்கி இறங்கினால் தப்பு. கையை விட்டு விலகி மேலே போனால் சரி. தொடை, பின்பக்கம் எதுவும் இறுகக் கூடாது.

இருமல் வந்தால், தும்மல் வந்தால், எதையாவது தூக்கினால், அதற்கு முன்னாலேயே உள்ளே இழுத்துக்கொள். மூச்சை விட்டுக்கொண்டே எழுந்திரு.

இங்கேதான் சிக்கல். தண்ணியிலிருந்து எழும்போது மூச்சை எப்படி விடுவாய்? வாயில் பறி இருக்கிறது. மேடம் கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா?

எட்டாம் தேதியைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் கெஞ்சுவது மாதிரி ஆகிவிடும். அதற்கு முன்னாலோ பின்னாலோ, ஒரு தடவை மேடம் உன்னை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார். தொட்டுப் பார்க்காமல் இனி ஒரு வரியும் எழுத விடமாட்டாராம். புதன்கிழமைகளில் வரலாம். தனி அறை, திரை உண்டு, பெண்கள் மட்டும்தான்.

புதிதாக ஐந்து கவர் வைத்திருக்கிறேன்.

அர்ச்சனா


சுண்ணாம்புக்குளம்
21 ஏப்ரல் 2024

அர்ச்சனா,

புதன்கிழமை உன் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உன்னிடம் நேரில் பேச முடியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன், அது பொய். உன் முகத்தைப் பார்த்ததும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. நீ வேறு எனக்கு இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

எட்டாம் தேதி நான் ஏன் போகவில்லை என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். அதற்கு இரண்டு நாள் முன்னால் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அத்தையின் புடவைகளுக்கு நடுவில், நான் வைத்திருப்பது மாதிரியே கிழித்து மடித்த துணிகள் இருந்தன. இது யாருடையது என்று கேட்டேன்.

"என்துதான்."

"உனக்குத்தான் பத்து வருஷம் முன்னாடியே எடுத்துட்டாங்களே அத்தை."

"எடுத்தாங்க. அது இறங்கிச்சுனு எடுத்தாங்க. இது நிக்கல."

"அப்ப என்னை மட்டும் இன்னாத்துக்கு எடுக்கச் சொல்ற?"

"எல்லாரும் எடுக்கறாங்க, அதான் சொன்னேன்" என்றது. பிறகு அதுவே உங்க மாமாவிடம் போய், "பழைய தேதிக்கே மாத்து, அவ தங்கச்சி ஆஸ்பத்திரியில ஒரு தபா காட்டட்டும்" என்றது. அவருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. தேதி திரும்ப மே ஆறுக்குப் போய்விட்டது.

பறியை இடுப்பில் கட்டிக்கொண்டேன். முதல் நாள் பாதி இறால் துள்ளித் தண்ணிக்கே போய்விட்டது. "இன்னாடி, இடுப்புல கட்டிகினு மாப்ள வூட்டுக்குச் சீர் எடுத்துகினு போறியா?" என்று பவுனம்மாள் கேட்டது. "வாய்தான் சும்மா கீதே, ஒரு பாட்டு பாடு" என்றாள் இன்னொருத்தி. மறுநாள் பறி வாயில் கிழிந்த வலைத் துண்டை வைத்துத் தைத்து, கை நுழைகிற அளவுக்கு மட்டும் ஓட்டை விட்டேன். இப்போது நிற்கிறது. போன வாரம் பவுனம்மாளும் இடுப்பில்தான் கட்டிக்கொண்டு வந்தது. கேட்டால் பல் வலியாம்.

வெள்ளிக்கிழமை ஓட்டுப் போட ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன். தும்மல் வந்தது. உள்ளே இழுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. நம்ப முடியாமல் பின்னால் கை வைத்துப் பார்த்தேன். காய்ந்த புடவை. ஆனால் மறுநாள் தண்ணியிலிருந்து பறியோடு எழுந்தபோது வந்துவிட்டது. கல் கட்டிய பாரம் குறைந்திருக்கிறது. போயிருக்கிறதா என்று கேட்டால் தெரியவில்லை. ஒரு நாள் சரியாகிவிட்டது என்று தோன்றுகிறது, அடுத்த நாள் எல்லாம் வீண் என்று தோன்றுகிறது.

மேடம் பார்க்கும்போது நீ திரைக்கு வெளியே நின்றாய். உன் செருப்பு கீழே தெரிந்தது. ஏன் உள்ளே வரவில்லை?

மே ஆறுக்கு இன்னும் இரண்டு வாரம். எடுக்கட்டுமா, வேண்டாமா? சுற்றி வளைக்காமல் சொல்.

ஜமுனா


சென்னை
25 ஏப்ரல் 2024

அக்கா,

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். இப்போது எடுக்க வேண்டாம்.

இது நானாகச் சொல்வது இல்லை, மேடம் பார்த்துவிட்டுச் சொன்னது. உன் தசை செத்துப்போகவில்லை. பலம் குறைவுதான், ஆனால் கூப்பிட்டால் எழுகிறது. கர்ப்பப்பை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, இப்போதே எடுத்தாக வேண்டிய அளவுக்கு இல்லை. இன்னும் மூன்று மாதம் செய்யலாம். அப்போதும் பாரம் இருந்தால் உள்ளே தாங்கிப் பிடிக்க ஒரு வளையம் வைப்பார்கள். அதற்கும் பிறகுதான் ஆபரேஷனைப் பற்றி யோசிக்க வேண்டும் என்கிறார். டவுன் டாக்டருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார், இதோடு வைத்திருக்கிறேன். மாமாவிடமும் காட்டு. முழுக்கச் சரியாகும் என்று மேடம் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போட வேண்டியது நீதான்.

ஒரு நாள் நன்றாகவும் ஒரு நாள் வீணாகவும் தோன்றுவது எல்லோருக்கும் நடக்கிறது. எங்களிடம் வருகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

திரைக்கு வெளியே நின்றதற்குக் காரணம், வளைகாப்புதான். நான் பார்த்ததுதான் தப்பு என்று எழுதியிருந்தாய். அதனால் இந்தத் தடவை பார்க்காமல் நின்றேன். உள்ளே மேடம் "வாயத் திறங்க, ஊதுங்க" என்று சொல்வது கேட்டது. நீ ஊதுவது கேட்டது. நானும் வெளியே நின்று ஊதினேன். ஒரு நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அப்போதும் எனக்குச் சந்தேகம்தான். பார்க்காமல் இருந்ததும் தப்போ? நீ கேட்ட பிறகு தப்புதான் என்று தோன்றுகிறது. அடுத்த தடவை நீ கூப்பிட்டால் உள்ளே வருவேன்.

மிச்சம் இருப்பது அந்த ஓர் இடம்தான். பறியோடு தண்ணியிலிருந்து எழுவது. உட்கார்ந்த இடத்திலிருந்து எந்தக் கால் முதலில் ஊன்றுகிறது, சேறு எவ்வளவு இழுக்கிறது, முதுகு எப்போது நிமிர்கிறது, எந்த நொடியில் வருகிறது என்று மேடம் கேட்டார். நீ எழுதியதை வைத்துப் பயிற்சி அறையின் தரையில் உட்கார்ந்து, முட்டியால் நகர்ந்து, இடுப்பில் தண்ணீர் பாட்டில் இரண்டைக் கட்டிக்கொண்டு எழுந்து பார்த்தேன். மேடம் சிரித்தார். தரை சேறு மாதிரி காலைப் பிடிக்கவில்லை. சுற்றிலும் தண்ணீர் இல்லை. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. உன்னிடம் கேட்டால் நீயும் எழுதுவாய், நானும் படிப்பேன். மறுபடியும் பிப்ரவரி மாதிரி ஏதாவது புரிந்துகொண்டு, ஏதாவது எழுதி அனுப்பிவிடுவேன். எனக்கு அந்தப் பயம் போகவில்லை.

பவுனம்மாளின் பல் வலி இப்போது எப்படி இருக்கிறது? அந்தக் கஞ்சி ஊதுவதை மட்டும் அதற்குச் சொல்லிக் கொடு. நான் சொன்னதாகச் சொல்லாதே. அத்தைக்கும் சொல்லிக் கொடு. எடுத்தவர்களுக்கும் அந்தத் தூளி அப்படியேதான் இருக்கிறது.

முதல் கடிதத்திலேயே ஒன்று கேட்க நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் கவரை ஒட்டிய பிறகுதான் தைரியம் வருகிறது. இந்தத் தடவை ஒட்டுவதற்கு முன்னாலேயே எழுதிவிடுகிறேன்.

மே நாலு, சனிக்கிழமை. லீவு சொல்லிவிட்டேன். வெள்ளி ராத்திரியே வந்துவிடுகிறேன். விடியலில் போட் எடுக்கும்போது என்னையும் ஏற்றிக்கொள். பவுனம்மாள் என்ன பெயர் வைத்தாலும் வைக்கட்டும். உன் பக்கத்தில் தண்ணியில் உட்கார வேண்டும். நீ எழும்போது உன்னோடு சேர்ந்து எழ வேண்டும். துடுப்பை மட்டும் ஓங்காதே அக்கா, நான் படித்து முடித்துவிட்டேன்.

எனக்கும் ஒரு பறி எடுத்து வை. இடுப்புக் கயிறும் வேண்டும். ஆனால் முதல் தடவை மட்டும் பல்லில் கடித்துப் பார்க்கிறேன், விடு.

அர்ச்சனா